முழுகாத இடது கை

நான் பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். ஆம்பூரில் எங்கள் குடும்பத்தின் பழைய சபை. சபைப் போதகரான ஐயர் என் தலையில் மூன்று கை தண்ணீர் விட்டார் என்றும், நான் கண்ணைக்கூடத் திறக்காமல் தூங்கினேன் என்றும் அம்மா சொல்வார். அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் என் இரட்சிப்பைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில், கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய். இதற்கு மேல் கடவுள் என்னிடம் எதையும் எதிர்பார்க்கமாட்டார் என்று நம்பியிருந்தேன்.

எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கடைசி இன்ஸ்பெக்‌ஷன் என் பொறுப்பு. ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அதை விளக்குக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்காவது கீறல், சுருக்கம், தையல் பிசகு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஸ்டிக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் குடியிருப்பது சத்துவாச்சாரியில். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒருவர் என் பக்கத்து சீட். அவர் புதிதாக ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் காலை, பள்ளிகொண்டா தாண்டும்போது, இன்று இந்த பஸ் கவிழ்ந்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டார். ஆம்பூர் பக்கமாகக் கவிழ்ந்தால் ஆம்பூர் ஆஸ்பத்திரிக்கு, வேலூர் பக்கமாகக் கவிழ்ந்தால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. அன்று முழுக்க எந்த ஷூவைக் கையில் எடுத்தாலும் பஸ் கவிழ்வதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரத்தில் நானும் அந்த ஜெபக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் முன்பு எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். குள்ளமான, சாதுவான மனிதர். அவர் சொன்ன முதல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரட்சிப்பு கிருபை, அது இலவசம், நாம் செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்றார். அடுத்த வாரம் நான் செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். டிவி வேண்டாம், நகை வேண்டாம், வெள்ளிக்கிழமை உபவாசம், காலை நாலரைக்கு ஜெபம், எல்லாவற்றுக்கும் மேலாக முழுக்கு ஞானஸ்நானம். சின்ன வயதில் தெளித்தது செல்லாதாம். அன்று நான் தூங்கிக்கொண்டிருந்ததால் எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

ஆனாலும் சந்தேகத்தைக் கேட்டேன்.

"ஒண்ணுமே செய்ய வேணாம்னு சொன்னீங்களே பாஸ்டர். அப்போ இதெல்லாம் எதுக்கு?"

"அது கீழ்ப்படிதல் சார். ரட்சிக்கப்பட்டவன் தானா கீழ்ப்படிவான்."

"கீழ்ப்படியலன்னா?"

"அப்போ ரட்சிக்கப்பட்டானான்னு பார்க்கணும்."

அவர் எதைச் சொல்ல வந்தாரோ, எனக்குக் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தைதான். பார்க்கணும் என்றால் அது என் தொழில். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, என்னை நானே இன்ஸ்பெக்‌ஷன் செய்ய ஆரம்பித்தேன். தினமும் காலையில் முந்தின நாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறைகளை எழுதுவேன். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தது. உபவாச நாளில் வாய் கொப்பளிக்கும்போது கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனது. இந்த மாதிரி. கிருபை என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துக்கு நான் திரும்பியதே இல்லை.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. பழைய சபையின் பாடகர் குழுவில் பதினெட்டு வருஷமாகப் பாடுகிறவள். அவள் என்னைத் தடுக்கவில்லை. கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்த அன்று மட்டும் கேட்டாள்.

"மோதிரத்த கழட்டியாச்சு. அடுத்தது நானா?"

அதற்கும் நோட்டில் எழுதினேன். வீட்டாரின் எதிர்ப்பு என்று.

ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். பாலாற்றில் மணல்தான் இருந்தது, தண்ணீர் இல்லை. அதனால் ஜெபக்கூடத்துக்குப் பின்னால் கட்டிய சிமெண்டுத் தொட்டியில்தான் நடக்கும். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கிணற்றில் எட்டிப் பார்க்கக்கூட மாட்டேன். அதோடு நான் ஆறடி உயரம், தொண்ணூற்று நான்கு கிலோ. பாஸ்டர் என் தோளுக்குத்தான் வருவார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு தொட்டியில் இறங்கியபோது தண்ணீர் ஓரத்தில் வழிந்து, முன்னால் நின்ற சகோதரிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்டர் ஒரு கையால் என் மூக்கைப் பொத்தி, இன்னொரு கையை முதுகில் கொடுத்து, பின்பக்கமாகச் சாய்த்தார். அந்த நொடியில் என் இடது கை என்னைக் கேட்காமலே தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. முழுகினேன், எழுந்தேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்குள் ஒரு பெரிய நிம்மதி. அழுதேன் என்றே நினைக்கிறேன். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மனைவி டவல் கொண்டு வந்திருந்தாள். ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"எல்லாம் முழுவிச்சு. இடது கை மட்டும்தான் பாக்கி."

அவள் அதைத் தமாஷாகத்தான் சொன்னாள். நான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

ஸ்டோர்ஸ்காரர் போனில் வீடியோ எடுத்திருந்தார். மறுநாள் பஸ்ஸில் அதை வாங்கிப் பார்த்தேன். நான் தண்ணீருக்குள் போகிறேன். தொட்டிச் சுவரின்மேல் ஒரு கை, முழங்கைவரை, பஸ் கம்பியைப் பிடித்த மாதிரி அசையாமல் நிற்கிறது. நிறுத்திப் பெரிதாக்கினேன். சட்டைக் கையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அயர்ன் பண்ணின கோடு அப்படியே இருந்தது. சந்தேகமே இல்லை, அது நனையவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பேஜாரு ஆரம்பித்தது. முழு உடம்பும் முழுகாத ஞானஸ்நானம் கீழ்ப்படிதல் ஆகுமா? ஆகாது என்றால் நான் இரட்சிக்கப்பட்டேனா? திருவிருந்து அப்பத்தை வலது கையால் மட்டும் வாங்கினேன். ஜெபத்தில் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கும்போது நான் ஒன்றை மட்டும் தூக்கினேன். எனக்குத் தோள் வலி என்று நினைத்து ஒரு சகோதரர் எண்ணெய் போட்டு ஜெபித்தார்.

கடைசியில் பாஸ்டரிடம் போய், இன்னொரு தடவை முழுக்காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஞானஸ்நானம் ஒன்றுதான், திரும்பக் கொடுக்கக் கூடாது, மிச்சத்தைக் கிருபை பார்த்துக்கொள்ளும் என்றார். கிருபை ஒரு கையைப் பார்த்துக்கொள்ளும் என்றால், முழு உடம்பையும் அதுவே பார்த்திருக்கலாமே, தொட்டி எதற்கு என்று கேட்டேன். அவர் ஜெபம் பண்ணிக்கிறேன் சார் என்றார். பாவம், கரண்ட் வேலை செய்துகொண்டிருந்தவரை என்னைப் போல ஓர் ஆள் அவரிடம் வந்திருக்கமாட்டான்.

ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளிகொண்டாவுக்கு வெளியே ஒரு சின்னச் சபை இருப்பது பஸ்ஸிலிருந்து பார்த்துத் தெரியும். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. போன் செய்து, சின்ன வயதில் தெளிப்பு எடுத்தவன், முழுக்கு எடுக்க ஆசைப்படுகிறேன் என்றேன். நடுவில் நடந்ததைச் சொல்லவில்லை. மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் அவசர ஷிப்மெண்ட் என்றேன். என் பாஸ்டரிடம் ஜுரம் என்றேன். ஒரு கை கீழ்ப்படிவதற்காக வாய் மூன்று பேரிடம் பொய் சொன்னது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சபைக்குத் தொட்டி கிடையாது. தென்னந்தோப்பில் பம்பு செட்டுத் தொட்டியில் கொடுப்பார்கள். என்னோடு இன்னும் நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். பாஸ்டர் கரையில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். இறங்குகிறவர்கள் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ள சபையில் ஒருவர் முன்னதாகவே தொட்டிக்குள் நின்றார். நான்தான் முதல் ஆள். படியில் பாசி. அவர் கை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கி நிமிர்ந்து பார்த்த பிறகுதான் முகம் தெரிந்தது.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கம்பெனியில் லாஸ்டிங் மிஷினில் வேலை செய்தவர். தைத்து வந்த தோலை அச்சின்மேல் இழுத்து ஷூவின் வடிவத்துக்குக் கொண்டுவருவது அந்த மிஷின். முந்தின வருஷம் அவர் செய்த ஒரு லாட்டில், ஷூவின் முனையில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருந்தன. நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். இரண்டாவது லாட்டிலும் அதேதான். இழுப்பது ஜாஸ்தியாக இருக்கிறது, ஆள் கவனமில்லை என்று ரிப்போர்ட் எழுதினேன். தோல்தான் சார் சரியில்லை என்று அவர் என் மேஜைக்கே வந்து சொன்னார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. மூன்றாவது லாட்டோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வேறு ஆள் அதே மிஷினில் நின்றபோதும் அதே வெடிப்பு வந்தது. தோலின் மேற்பூச்சில் கோளாறு. தோலைப் பதனிட்டுக் கொடுத்த டேனரியே அதை எழுதி ஒப்புக்கொண்டு, தோலை மாற்றிக் கொடுத்தது. அந்தக் காகிதம் என் மேஜைக்குத்தான் வந்தது. படித்தேன். ஃபைலில் வைத்தேன். ஆள் போய்ட்டானே, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். கிரிக்கெட் ஸ்கோர் எழுதின என் நோட்டில் இது ஒரு வரிகூட இல்லை.

மார்பளவுத் தண்ணீரில் இருவரும் நின்றோம். பாஸ்டர் கரையில் இன்னும் ஜெபித்துக்கொண்டிருந்தார். லாஸ்டிங்காரர் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"சார், நீங்கதான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களே."

நான் காதில் விழாதது போல நின்றேன்.

"பஸ் குரூப்ல வீடியோ வந்துது சார். எனக்கும் அனுப்புனாங்க." என் கைகளைப் பார்த்துக் கேட்டார். "எந்தக் கை? இதுவா?"

தண்ணீருக்குள் என் இடது கையைப் பிடித்தார். அவர் குரலில் கிண்டல் இல்லை. எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்கிற மாதிரி இருந்தது. அவர் நினைத்திருந்தால் அங்கேயே சத்தமாகச் சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக, என் கை சரியாக முழுக வேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த லாட்ல வந்த வெடிப்பு உங்களால இல்ல. தோல்ல வந்தது" என்றேன். அவரை நான் நீங்கள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியும் சார். அப்பவே சொன்னேனே."

"அப்புறமா எனக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் யார்கிட்டயும் சொல்லல."

அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. முகத்தைத் திருப்பித் தென்னை மரங்களைப் பார்த்தார்.

"அது தெரியாது சார்" என்றார்.

ஒரு வருஷமாக அவர் என்னை அவசரக்காரன், கண் சரியில்லாதவன் என்று நினைத்திருக்கிறார். தெரிந்தே சும்மா இருந்தவன் என்று நினைக்கவில்லை. அந்த நல்லெண்ணத்தையும் நானே அந்தத் தொட்டியில் வைத்துக் கெடுத்தேன்.

பாஸ்டர் ஆமென் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க வந்தார். நான் அவரிடம், மன்னிக்கணும், நான் ஏற்கெனவே முழுக்கு எடுத்தவன், பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும். பின்னால் நாலு பேர் வெள்ளை உடுப்பில் காத்திருந்தார்கள். ஏறப் போனேன். பாசியில் கால் வழுக்கியது. பின்னாலிருந்து லாஸ்டிங்காரர் என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, தொண்ணூற்று நான்கு கிலோவையும் தூக்கிப் படியில் ஏற்றினார்.

நான் போயிருக்க வேண்டும். ஆனால் பையை ஷெட்டில் வைத்திருந்தேன், துணி மாற்றி வெளியே வருவதற்குள் அன்பின் விருந்துக்கு எல்லோரையும் பாயில் உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு வயதான அம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்து இலை போட்டார். சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தது அவர்தான். என் இலைக்கு முன்னால் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றினார்.

"இன்னும் கொஞ்சம் போடவா சார்?"

வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. போடுங்கள் என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் பக்கத்து இலைக்குப் போனார். நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கத்தில் பசி அடங்கும் என்பார்கள், எனக்கு அப்படி இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தொட்டிவரை வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாஸ்டிங்காரர் கதை வந்ததும் சிரிப்பு நின்றது.

"அவர் பொண்டாட்டி, புள்ளைங்க இந்த ஒரு வருஷம் எப்படி இருந்தாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலையில் டேனரி கொடுத்த காகிதத்தை ஃபைலிலிருந்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து இன்னாத்துக்கு சார் இதைக் கிளறுகிறீர்கள் என்றார். ரிப்போர்ட் தவறு, தவறு என்னுடையது, அந்த ஆளின் வேலையில் குறை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றேன். என் பெயருக்கும் ஒரு மெமோ வரும் என்றார். வரட்டும் என்றேன். அந்த அறையில் நின்றபோது, இதைச் செய்தால் நான் இரட்சிக்கப்படுவேனா என்ற கேள்வி வரவே இல்லை. சாம்பார் ஊற்றின கைதான் கண்ணில் நின்றது. கேட்ட கடிதம் கிடைத்தது. மெமோவும் சொன்னபடியே வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவியும் கூட வந்தாள். குடியாத்தத்தில் ஒரு லுங்கித் தறிக்கூடத்தில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். திரும்ப வருகிறீர்களா, பேசிப் பார்க்கிறேன் என்றேன். வேணாம் சார், அங்கேயே பழகிட்டேன் என்றார். கடிதத்தை ரேஷன் கார்டு வைக்கிற கவரில் வைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்து, டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அவர் மனைவி என் மனைவியிடம், முதல் ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருந்தது, கொலுசு, கம்மல் எல்லாம் போயிடுச்சு என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அவர் தெருமுனைவரை வந்து, பஸ் இந்நேரத்தில் எங்கே நிற்கும் என்று காட்டிவிட்டுப் போனார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மனைவியோடு பழைய சபைக்குப் போகிறேன், மற்ற ஞாயிறுகளில் ஜெபக்கூடத்துக்கு. இரண்டு இடத்திலும் என்னை அரை ஆளாகத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கு தப்பில்லை. மோதிரத்தைத் திரும்பப் போட்டேன். விரல் பருத்துவிட்டதால் சோப்பு போட்டுத்தான் ஏற்ற முடிந்தது.

கிருபைக்கும் கீழ்ப்படிதலுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. போன மாதம் சொல்லிப் பார்த்தேன். ஜெபக்கூடத்தில் சாட்சி நேரம். எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். தொட்டிவரை சரியாகத்தான் வந்தது. கதை மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் என் குரல் கனத்தது. மேனேஜர் கொஞ்சம் கொடூரமானார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். உண்மையில் சொல்லாத ஒன்றிரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு சகோதரி கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வந்த உடனேயே நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று தெரிந்துபோய், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

ஆவியில் நிறைந்து பேச்சு தடைபட்டது என்று நினைத்தார் பாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். எல்லோரும் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். நான் உட்கார்ந்துகொண்டு, ஸ்ருதி சேராமல், கூடவே பாடினேன்.